இரண்டாம் நடைமேடை

வானொலிக்கு நூறு வயதாம்.
மூன்று நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள்.
"பழைய கருவிகளைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா,
பெயர்கள் வேண்டாம்,
இப்போது சூழ்நிலை கொஞ்சம் அப்படி."
தட்டில் பிஸ்கட்டை நகர்த்தினாள் அந்தப் பெண்.
நான் தொடவில்லை.

ஆகஸ்ட் இருபத்தொன்று, அறுபத்தெட்டு.
பிர்னோ நிலையத்தின் படிகளில்
வேற்றுமொழி பேசும் பூட்ஸ்கள் ஏறிக்கொண்டிருந்தன.
நான்காம் அறையில் ஹெட்விகா:
"நீங்கள் இன்னும் கேட்கிறீர்கள்.
நாங்கள் இன்னும் பேசுகிறோம்."
எவரும் எழுதித் தந்த வாசகமல்ல.
அன்று எழுதித் தர எவரும் இல்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்
மானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது சீராகத்தான் ஆடியது.
குமிழைப் பிடித்த என் விரலைப் பற்றி
அப்படிச் சொல்ல முடியாது.

பிறகு ஒவ்வொருவராய்க் கூப்பிட்டார்கள்.
பச்சைத் துணி விரித்த மேசை, மூன்று பேர்,
ஒரே கேள்வி:
வந்த படைகள் உதவிக்கு வந்தவைதானே?
"உதவி என்றால் யாராவது கூப்பிட்டிருக்க வேண்டுமே"
என்றாளாம் அவள்.
என் முறை வந்தது.
பேனாவை உதறிப் பார்த்தேன். பாழாய்ப்போன மை இருந்தது.
கையெழுத்திட்டுவிட்டு
பிஸ்கட்டும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.
கையெழுத்து செரித்துவிட்டது, அது செரிக்கவில்லை.

அடுத்து எனக்குக் கொடுத்த வேலை
நாடாக்களில் அவளைத் தேடி அழிப்பது.
பனிப்பொழிவு எச்சரிக்கை, முயல் வளர்ப்புக் குறிப்பு,
ஞாயிறு காலைச் சிறுவர் கதை, அதில் ஓநாயும் அவள்தான்.
அழித்த நாடா வீணாகாது.
அதன் மேலேயே அறுவடைக் கணக்கு ஏறும்.
இத்தனை டன் பீட்ரூட், இத்தனை டிராக்டர்,
எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே
யாரோ மூச்சிழுப்பதுபோல் இருக்கும்.
தலைக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு
தேநீர் குடிக்கப் போவேன்.

எழுபத்துமூன்றில், தங்கை வீட்டுக்குப் போகும் வழி,
ப்ரெரோவ் சந்திப்பில் வண்டி மாறக் காத்திருந்தேன்.
ஒலிபெருக்கியில் கடுகு வெடித்தது.
"என்ன சொன்னாள்? எந்த மேடை?"
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.
எனக்கு மட்டும் விளங்கியது,
எண்ணைச் சொல்லுமுன் அரை நொடி நிற்கும்
அந்தப் பழக்கம்.

கிடங்கிலிருந்து ஒரு சவ்வு, இரண்டு மின்தேக்கி
எடுத்துப் பைக்குள் போட்டேன்.
பதிவேட்டில் 'பழுது' என்று எழுதினேன்.
நிலைய அதிகாரிக்கு ஒரு பாட்டில் பிளம் சாராயம்.
ஏணியில் ஏறி, சாயங்காலத்துக்குள்
முடித்து இறங்கினேன்.
என் வாழ்வில் நான் செய்த ஒரே வீரம் அது.

மறுநாள் அவள் ஒலோமோத்ஸ் என்றபோது
ஊரே கண்முன் வந்து நின்றது.
கூடையில் வாத்தோடு நடந்த பெண் நின்றாள்.
லீவில் போகும் சிப்பாய் சிகரெட்டைக் கீழே போட்டான்.
யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
வண்டி வந்தது, போனது.
இரண்டாம் நடைமேடையில் பதினொரு பேர்,
கையில் அதே வண்டிக்கான சீட்டோடு,
அடுத்த அறிவிப்புக்காக.

பதினாறு நாள்.
பதினேழாம் நாள் ஓர் ஆண் குரல்.
அவளை மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு
அனுப்பிவிட்டார்கள்.
கடுகு வெடித்தவரை பத்திரமாக இருந்தாள்.

தொண்ணூறில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி
திரும்ப அழைத்தார்கள். வந்தாள்.
பதினேழு ஆண்டு நீராவி அவள் தொண்டையைத்
துவைத்துப் பிழிந்திருந்தது.
ஒலிச்சோதனையில் ஒரு வரி படித்தாள்,
தானே நிறுத்தினாள்,
கோட்டை மாட்டிக்கொண்டாள்.

நடைக்கூடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.
"ஓல்ட்ரிக், நீ கருவி ஆள், உனக்குத் தெரிந்திருக்கும்.
ப்ரெரோவில் ஒலிபெருக்கியைச் சரிசெய்தது யார்?
ஜனங்கள் நின்று கேட்டார்கள், தெரியுமா.
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
அந்த ஆளைக் கண்டால்..."

கண்டால் என்ன செய்வாள் என்று
கேட்டிருக்கலாம்.

தெரியாது என்றேன்.
அதற்கு யாரும் கையெழுத்துக்கூட
கேட்கவில்லை.